மூலமும் மொழிபெயர்ப்பும்: மார்மன் சமயத்தின் ‘ஆபிரகாம் நூல்’ – ஒரு திறனாய்வு

முன்னுரை

சமய நூல்கள் பலவும் தம் தோற்றத்தைப் பற்றித் தாமே சில செய்திகளைக் கூறுகின்றன. இறைவன் அருளியது, தூதன் உரைத்தது, முனிவன் கண்டது என்பன போன்ற கூற்றுகளை மெய்யென்றோ பொய்யென்றோ நிறுவ வரலாற்று ஆய்வால் இயலாது. அவை நம்பிக்கையின் எல்லைக்குள் நிற்பவை. ஆனால், ‘இந்நூல் இன்ன மொழியில் எழுதப்பட்ட இன்ன சுவடியின் மொழிபெயர்ப்பு’ என்று ஒரு நூல் கூறுமாயின், அக்கூற்று மூலபாட ஆய்வின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. மூலச்சுவடி கிடைக்குமாயின், மொழிபெயர்ப்பை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய மார்மன் சமயம் இத்தகைய சோதனைக்கு இடந்தரும் ஒரு நூலைத் தன் திருமறைகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. ‘ஆபிரகாம் நூல்’ என்பது அதன் பெயர். அந்நூலின் வரலாற்று உரிமைகோரல் எத்துணை உறுதியானது, அதனைக் காக்க எழுந்த வாதங்கள் எத்தகையன, அவற்றால் ‘மொழிபெயர்ப்பு’ என்னும் சொல்லுக்கு என்ன நேர்ந்தது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

‘மார்மன்’ என்னும் பெயரைத் தவிர்த்து, ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை’ என்னும் முழுப்பெயரைக் கையாளுமாறு அச்சபையின் தலைமை 2018இல் கேட்டுக்கொண்டது. ஆய்வுலகில் நிலைபெற்ற வழக்கு என்பதனால் மட்டுமே ‘மார்மன்’ என்னும் சொல்லை ஈண்டு ஆள்கிறோம். ஒரு கோடியே எழுபது இலட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்பினரைக் கொண்டதாகத் தன்னைக் குறிப்பிடும் அச்சபையினரின் பத்தியையோ ஒழுக்கத்தையோ எடைபோடுவது நம் நோக்கமன்று. நூல் ஒன்றின் தோற்றம் பற்றிய கூற்றே நம் ஆய்வுப்பொருள்.

நூல் தோன்றிய வரலாறு

மார்மன் சமயத்தைத் தோற்றுவித்த ஜோசப் ஸ்மித் 1805இல் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்தார். பொற்றகடுகளில் ‘சீர்திருத்தப்பட்ட எகிப்திய’ எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்த பண்டை அமெரிக்க மக்களின் வரலாற்றைத் தெய்வ அருளால் மொழிபெயர்த்ததாகக் கூறி, 1830ஆம் ஆண்டு மார்ச் மாதம் ‘மார்மன் நூலை’ நியூயார்க் மாநிலத்துப் பால்மைரா நகரில் வெளியிட்டார். அவ்வாண்டு ஏப்ரல் 6ஆம் நாள் சபை நிறுவப்பெற்றது. பொற்றகடுகள் மொரோனி என்னும் தேவதூதனிடமே திருப்பி ஒப்படைக்கப்பட்டன என்று ஸ்மித் கூறினார். தகடுகளைக் கண்டதாகப் பதினொருவர் அளித்த சாட்சியம் அந்நூலிலேயே அச்சிடப்பட்டுள்ளது. எனினும், மூலம் கையில் இல்லாமையால் அம்மொழிபெயர்ப்பை ஒப்பிட்டுச் சோதிக்க வழியில்லாமற் போயிற்று.

ஆபிரகாம் நூலின் நிலை இதனின் வேறானது. எகிப்தின் தீப்ஸ் பகுதியில் அன்டோனியோ லெபோலோ என்பவர் அகழ்ந்தெடுத்த மம்மிகளுள் சில அமெரிக்கா வந்து சேர்ந்தன. 1835ஆம் ஆண்டு ஜூலை மாதம் மைக்கேல் சாண்ட்லர் என்பவர் நான்கு மம்மிகளையும் அவற்றோடு இருந்த பாப்பிரஸ் சுருள்களையும் ஒகாயோ மாநிலத்துக் கர்ட்லாண்ட் நகருக்குக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தார். ஸ்மித்தும் அவரைச் சார்ந்தோரும் அவற்றை 2,400 டாலருக்கு வாங்கினர். சுருள்களுள் ஒன்றில் ஆபிரகாமின் எழுத்துகளும் மற்றொன்றில் அவர் வழித்தோன்றலான யோசேப்பின் எழுத்துகளும் உள்ளன என்று ஸ்மித் அறிவித்தார்.

இம்முயற்சியின் விளைவாகிய ஆபிரகாம் நூல், 1842ஆம் ஆண்டு மார்ச் முதல் மே வரை, இல்லினாய் மாநிலத்து நாவூ நகரில் வெளிவந்த ‘டைம்ஸ் அண்ட் சீசன்ஸ்’ என்னும் சபை இதழில் அச்சாயிற்று. எகிப்தில் இருந்தபோது ஆபிரகாம் தம் கைப்படப் பாப்பிரசில் எழுதியவற்றின் மொழிபெயர்ப்பு இது என்று அதன் தலைப்புரை தெரிவித்தது. பாப்பிரசிலிருந்து படியெடுக்கப்பட்ட மூன்று படங்களும் அவற்றிற்கு ஸ்மித் அளித்த விளக்கங்களும் உடன் வெளியிடப்பட்டன. 1844ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் ஸ்மித் சிறையில் கும்பலொன்றால் கொல்லப்பட்டார். ஆபிரகாம் நூல் 1851இல் ‘விலையுயர்ந்த முத்து’ என்னும் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. 1880இல் அத்தொகுப்பு சபையின் திருமறையாக முறைப்படி ஏற்கப்பட்டது.

ஐந்து அதிகாரங்களே கொண்ட சிறுநூல் எனினும், மார்மன் கோட்பாட்டில் இதற்குள்ள இடம் பெரிது. மாந்த உயிர்கள் பிறப்பிற்கு முன்பே இருந்தன என்பதும், கடவுளர் பலர் கூடி உலகை ஒழுங்குபடுத்தினர் என்பதும், கடவுளின் இருப்பிடத்திற்கு அண்மையில் கோலோப் என்னும் விண்மீன் உள்ளது என்பதும் இந்நூலில் விரிவாகப் பேசப்படுகின்றன.

எகிப்திய எழுத்தும் அக்கால அறிவும்

1835இல் எகிப்திய எழுத்தைப் படிக்கவல்லார் அமெரிக்காவில் எவரும் இலர் எனலாம். பிரெஞ்சு அறிஞர் சாம்போலியன் தம் கண்டுபிடிப்பை 1822இல் அறிவித்திருந்தார்; அவருடைய எகிப்திய இலக்கணம் அவர் மறைவிற்குப் பின் 1836இல்தான் வெளிவரத் தொடங்கியது. அதற்கு முன்னர், எகிப்திய எழுத்து ஒவ்வொன்றும் ஆழ்ந்த மறைபொருளைத் தன்னுள் அடக்கிய குறியீடு என்னும் கருத்தே ஐரோப்பாவில் மேலோங்கியிருந்தது. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பேரறிஞர் அத்தனேசியஸ் கிர்ச்சரும் அக்கருத்தினராய்ப் பல கல்வெட்டுகளைத் தவறாகவே படித்தார்.

ஆகவே, எகிப்திய மொழி அறியாமையை ஸ்மித்தின் தனிக்குறையாகக் கொள்ளுதல் நேர்மையாகாது. அவர் தம் அறிவால் படித்ததாகக் கூறவில்லை. தெய்வ அருளால் படித்ததாகவே கூறினார். கிர்ச்சரின் பிழையைப் பின்வந்தோர் திருத்தினர். அதனால் எவருடைய நம்பிக்கையும் குலையவில்லை. ஆபிரகாம் நூலோ திருமறையாகிவிட்டது. இதுவே இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு.

மூலத்தாள்கள் மீண்டும் கிடைத்தல்

ஸ்மித்தின் தாயார் 1856இல் மறைந்த பின்னர், மம்மிகளும் பாப்பிரஸ்களும் விற்கப்பட்டன. அவற்றுள் ஒரு பகுதி சிகாகோ அருங்காட்சியகம் ஒன்றைச் சென்றடைந்து, 1871இல் அந்நகரில் மூண்ட பெருந்தீயில் அழிந்ததாகக் கருதப்படுகிறது. எல்லாமே அழிந்தன என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆனால், வேறு சில துண்டுகள் 1947இல் நியூயார்க் பெருநகரக் கலை அருங்காட்சியகத்திற்கு வந்து சேர்ந்திருந்தன. யூட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் அசீஸ் அத்தியா 1966இல் அவற்றை அங்குக் கண்டார். 1967ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் அவை சபையிடம் ஒப்படைக்கப்பட்டன. சபை அவற்றை மறைக்கவில்லை. 1968ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே தன் இதழில் அவற்றின் படங்களை வெளியிட்டது. இச்செயல் பாராட்டுக்குரியது.

நூலில் அச்சிடப்பட்ட முதற்படத்தின் மூலம் அத்துண்டுகளுள் ஒன்றாக இருந்தமையால், ஸ்மித் வைத்திருந்தவை இவையே என்பதில் ஐயம் எழவில்லை. எகிப்தியல் அறிஞர்களான ஜான் வில்சன், ரிச்சர்ட் பார்க்கர், கிளாஸ் பேயர் ஆகியோர் 1968இல் அவற்றை ஆராய்ந்து எழுதினர். பின்னர்ச் சிகாகோ பல்கலைக்கழகத்து ராபர்ட் ரிட்னர் அவற்றை முழுமையாகப் பதிப்பித்து மொழிபெயர்த்தார். இவ்வாய்வுகளின் முடிவு ஒன்றே. முதற்படத்தோடு இணைந்திருந்த சுருள், தீப்ஸ் நகரத்து ஹோர் என்னும் பூசகருக்காக எழுதப்பட்ட ‘மூச்சுவிடும் ஆவணம்’ ஆகும். இறந்தவரின் உடலோடு வைத்துக் கட்டப்பட்டு, மறுமையில் அவர் மூச்சுவிட்டு உயிர்வாழத் துணைசெய்யும் என்று நம்பப்பட்ட ஈமச்சடங்கு ஏடு அது. ஏனைய துண்டுகள் வேறு இருவருக்குரிய ‘இறந்தோர் நூல்’ என்னும் ஈமநூலின் பகுதிகள். ஹோரின் ஏடு ஏறத்தாழக் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்தது. ஆபிரகாம் வாழ்ந்ததாக மரபு கூறும் காலமோ அதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்டது. ஆபிரகாமின் பெயரோ அவரைப் பற்றிய செய்தியோ இத்துண்டுகளில் யாண்டும் இல்லை.

படங்களின் சான்று

துண்டுகள் கிடைப்பதற்கு நெடுங்காலம் முன்பே, படங்களைக் கொண்டு இக்கேள்வி எழுப்பப்பட்டிருந்தது. லூவர் அருங்காட்சியக அறிஞர் தேயோதூல் தெவேரியா அளித்த மறுப்பு 1860இல் பாரிசில் அச்சாயிற்று. 1912இல் யூட்டாவின் எபிஸ்கோப்பல் பேராயர் பிராங்க்ளின் ஸ்பால்டிங், பிளிண்டர்ஸ் பெட்ரி, ஜேம்ஸ் பிரெஸ்டெட் உள்ளிட்ட அறிஞர் எண்மரின் கருத்துகளைத் தொகுத்து வெளியிட்டார். ஸ்மித்தின் விளக்கம் தவறு என்பதில் அவர்கள் அனைவரும் உடன்பட்டனர்.

முதற்படத்தில் ஒருவர் கட்டில் போன்ற மேடைமேல் கிடக்கிறார். மற்றொருவர் அருகில் நிற்கிறார். சிலைவணக்கப் பூசகன் ஆபிரகாமைப் பலியிட முயலும் காட்சி இது என்றார் ஸ்மித். எகிப்தியலார் இதனைச் சிங்கவடிவப் பாடைமேல் கிடக்கும் ஓசிரிசாகவும், அவ்வுடலுக்குச் சடங்கு செய்யும் அனுபிஸ் தெய்வமாகவும் காண்கின்றனர். மூலத்தாளில் நிற்பவரின் தலைப்பகுதி சிதைந்துள்ளது. அச்சிட்ட படத்திலோ மனிதத்தலை வரைந்து சேர்க்கப்பட்டுள்ளது. அனுபிசுக்கு உரியது நரித்தலை.

மூன்றாம் படம் இதனினும் தெளிவான சான்றாகும். அரியணையில் வீற்றிருப்பவர் ஆபிரகாம் என்றும், பின்னால் நிற்பவர் பார்வோன் என்றும், அவர் பெயர் தலைக்கு மேலுள்ள எழுத்துகளில் தரப்பட்டுள்ளது என்றும் ஸ்மித் விளக்கினார். அவ்வெழுத்துகளை இன்று படிக்க முடிகிறது. அவை இசிஸ் என்னும் பெண்தெய்வத்தின் பெயரைத் தருகின்றன. அரியணையில் இருப்பவர் ஓசிரிஸ். அரச ஏவலர் என்று ஸ்மித் குறித்தவர் இறந்துபோன ஹோர். அடிமை என்று குறித்தவர் அனுபிஸ். இவ்விடத்தில் குறியீட்டு விளக்கம், மறைபொருள் விளக்கம் என்று கூறித் தப்ப இயலாது. எழுத்தில் இன்ன பெயர் உள்ளது என்று ஸ்மித்தே சுட்டிக்காட்டிய இடம் இது.

நூலின் அகச்சான்றுகளும் இம்முடிவிற்கே துணைநிற்கின்றன. நூலின் இரண்டாம், நான்காம், ஐந்தாம் அதிகாரங்கள் ஆங்கில விவிலியத்தின் ஆதியாகமத்தைப் பல இடங்களில் நெருக்கமாகப் பின்பற்றுகின்றன. ‘பார்வோன்’ என்பது எகிப்தின் முதல் அரசனுக்கே உரிய பெயராகக் காட்டப்படுகிறது. ‘பெரிய இல்லம்’ என்று பொருள்படும் அச்சொல் அரசனைக் குறிக்கும் வழக்கோ ஏறத்தாழக் கி.மு. 15ஆம் நூற்றாண்டில் தோன்றியதே. நூலிலும் பட விளக்கங்களிலும் இடையிடையே எபிரேயச் சொற்கள் வருகின்றன. 1836ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜோசுவா செய்க்சஸ் என்னும் ஆசிரியரிடம் ஸ்மித் எபிரேயம் பயின்றார். அச்சொற்களின் ஒலிபெயர்ப்பு அவ்வாசிரியரின் முறையை ஒத்திருப்பது குறிப்பிடத்தக்கது.

மறுப்புரைகளும் அவற்றின் வலிமையும்

நூலைக் காக்க எழுந்த வாதங்களுள் இரண்டு முதன்மையானவை. முதலாவது, தொலைந்த சுருள் வாதம். கிடைத்தவை சில துண்டுகளே. ஆபிரகாமின் பனுவல் அழிந்துபோன பகுதியில் இருந்திருக்கலாம் என்பது அது. மேலோட்டமாக நோக்கின் இது ஏற்புடையதே. எனினும் மூன்று தடைகள் உள்ளன. முதற்கண், நூலின் முதல் அதிகாரமே பலிபீடத்தின் உருவம் இப்பதிவின் தொடக்கத்தில் உள்ளதாகச் சுட்டுகிறது. அப்படத்தை அடுத்து இருந்ததோ ஹோரின் ஏடு. அடுத்து, ஸ்மித்தின் எழுத்தர்கள் எழுதிய ஆபிரகாம் நூலின் கைப்படிகளில், ஆங்கிலப் பத்திகளின் இடப்புறத்தே எகிப்திய எழுத்துகள் வரிசையாகக் குறிக்கப்பட்டுள்ளன. அவ்வெழுத்துகள் இன்று நம்மிடமுள்ள ஹோரின் துண்டிலிருந்தே எடுக்கப்பட்டவை. ஓரெழுத்திற்கு ஒரு முழுப்பத்தி என்னும் அளவில் அவை அமைந்துள்ளன. எழுத்தர்கள் அவற்றைப் பின்னர்த் தாமாகவே சேர்த்திருக்கலாம் என்பர் சிலர். ஆயின், எகிப்திய நெடுங்கணக்குப் பணியில் ஸ்மித் தாமும் ஈடுபட்டிருந்ததை அவருடைய 1835ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் குறிப்பு காட்டுகிறது. மூன்றாவதாக, சுருட்டிய தாளில் சிதைவுகள் திரும்பத் திரும்ப விழுந்துள்ள இடைவெளியை அளந்து, அதன் முழுநீளத்தைக் கணக்கிடலாம். ஆண்ட்ரூ குக், கிறிஸ்தோபர் ஸ்மித் ஆகிய இருவரும் 2010இல் வெளியிட்ட கணக்கின்படி, ஹோர் சுருளின் உட்பகுதியில் தொலைந்தது ஏறத்தாழ 56 சென்டிமீட்டர் மட்டுமே. சுருள் மிக நீண்டது என்று கணக்கிட்ட சபைசார் அறிஞரும் உளர். எனினும், முதலிரண்டு தடைகளை நீளம் பற்றிய கணக்கு நீக்குவதில்லை.

இரண்டாவது, தூண்டுகோல் வாதம். பாப்பிரஸ் ஒரு தூண்டுகோலாக மட்டுமே அமைந்தது. அதனைக் கண்ட ஸ்மித்தின் உள்ளத்தில் ஆபிரகாமின் செய்தியை இறைவன் வெளிப்படுத்தினான் என்பது இதன் சாரம். இவ்வாதத்தை எச்சான்றாலும் மறுக்க முடியாது. அதுவே அதன் குறையுமாகும். எந்தத் தாள் கிடைத்தாலும், அதில் எது எழுதப்பட்டிருந்தாலும் இவ்வாதம் நிற்கும். மேலும், ஆபிரகாம் தம் கைப்பட எழுதியதன் மொழிபெயர்ப்பு என்று 1842இல் அச்சான அறிவிப்போடு இது முரண்படுகிறது. நம்பிக்கையாளர் நூலைக் காப்பாற்றுகின்றனர். ஆனால், நூலைப் பற்றி அதன் ஆசிரியர் கூறியதைக் கைவிடுகின்றனர்.

இவையன்றி, பண்டை மரபுகளோடுள்ள ஒற்றுமைகளையும் சிலர் எடுத்துக்காட்டுவர். ஹியூ நிப்லி இத்துறையில் உழைத்த பெரும்புலமையாளர். ஆபிரகாம் எகிப்தியருக்கு வானியல் கற்பித்ததாகக் கூறும் மரபு அவ்வொற்றுமைகளுள் ஒன்று. ஆனால், அம்மரபைக் கூறும் யூத வரலாற்றாசிரியர் ஜொசீபசின் நூல், 18ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் பரவலாகக் கிடைத்தது. ஒற்றுமை ஒன்றைக் காட்டுதல் வேறு. குறிப்பிட்ட தாளில் குறிப்பிட்ட பனுவல் உள்ளது என்று நிறுவுதல் வேறு.

சபையின் அதிகாரப்பூர்வ நிலையும் மாறிவந்துள்ளது. எகிப்திய பாப்பிரஸ்களிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது என்று இருந்த முன்னுரைக் குறிப்பு, 2013ஆம் ஆண்டுப் பதிப்பில், அருளால் தூண்டப்பெற்ற மொழிபெயர்ப்பு என்னும் பொருள்பட மாற்றப்பட்டது. 2014இல் சபை வெளியிட்ட விளக்கக் கட்டுரை, எஞ்சிய துண்டுகளில் ஆபிரகாமின் பெயர் இல்லை என்பதையும், அவற்றிலுள்ள எழுத்துகள் நூலின் வாசகத்தோடு பொருந்தவில்லை என்பதில் மார்மன் எகிப்தியலாரும் பிறரும் உடன்படுகின்றனர் என்பதையும் ஒப்புக்கொண்டது. அதேவேளையில், மேற்கண்ட இரு வாதங்களையும் வாய்ப்புகளாக முன்வைத்து, நூலின் மெய்ம்மை நம்பிக்கையாலேயே உணரப்படும் என்று முடித்தது.

கோட்பாட்டு விளைவு

பழஞ்சுருள் ஒன்றைப் பற்றிய பூசல் என்று இதனைப் புறந்தள்ளிவிடலாகாது. ஆபிரகாம் நூலின் முதல் அதிகாரம், எகிப்தின் முதற் பார்வோன் காமின் வழியில் வந்தவன் என்றும், குருத்துவ உரிமை இல்லாத மரபினன் என்றும் கூறுகிறது. தோலின் நிறம் பற்றி அங்கு ஒரு சொல்லும் இல்லை. ஸ்மித் வாழ்ந்த காலத்தில் கறுப்பினத்தவர் சிலர் குருத்துவம் பெற்றும் இருந்தனர். எனினும், 1852இல் பிரிகம் யங் கறுப்பினத்தவருக்குக் குருத்துவம் இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். பின்வந்தோர் அத்தடைக்கு மறைச்சான்று தேடியபோது இப்பகுதி அவர்களுக்குக் கைகொடுத்தது. அத்தடை 1978ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் நீங்கிற்று. தடைக்குக் காரணமாக முன்னர்ச் சொல்லப்பட்ட கருத்துகளைத் தான் ஏற்பதில்லை என்று சபை 2013இல் அறிவித்தது.

ஒருவர் எந்த இனத்தில் பிறந்தார் என்பதைக் கொண்டு, ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் அவருக்குச் சமய உரிமை மறுக்கப்பட்டது. அம்மறுப்பிற்குத் துணைநின்ற வாசகம், ஆபிரகாமே எழுதியது என்னும் பெருமையினால் வலிமை பெற்றது. எனவே, ‘இதை எழுதியவர் யார்?’ என்னும் வினா அறிஞர்க்கு மட்டுமே உரிய வினாவன்று. திருக்கோயில் வாயிலில் நிறுத்தப்பட்டவர்க்கும் அது உரிய வினாவாகும்.

முடிவுரை

ஆபிரகாம் நூல் அக்கால அமெரிக்கச் சமயச் சிந்தனையின் குறிப்பிடத்தக்க படைப்பு என்பதனை நாம் மறுக்கவில்லை. அதன் உயிர்க்கோட்பாட்டில் ஆறுதல் காண்போரும் உளர். அவ்வாறுதலை மூலபாட ஆய்வு பறிக்கவேண்டியதில்லை, பறிக்கவும் இயலாது. ஆனால், எகிப்திய பாப்பிரசில் ஆபிரகாம் எழுதியதன் மொழிபெயர்ப்பு என்னும் உரிமைகோரல், கிடைத்துள்ள தாள்களாலும், படங்களின் எழுத்துகளாலும், நூலின் அகச்சான்றுகளாலும் மறுக்கப்படுகிறது என்பதே நாம் கண்ட முடிவு. ஸ்மித்தின் மரபிலிருந்து வளர்ந்த கிறித்துவின் சமூகம் என்னும் சபை இந்நூலைத் திருமறையாக ஏற்றதில்லை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஸ்மித்தின் மரபில் நிற்போர்க்கும் இந்நூல் இன்றியமையாததன்று என்பதனை அது காட்டுகிறது.

மொழிபெயர்ப்பு என்னும் சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு. மூலத்தில் உள்ளதைப் பிறிதொரு மொழியில் தருவது அது. மூலம் கிடைக்காத காலத்தில் அப்பொருளில் வழங்கிய சொல்லை, மூலம் கிடைத்த பின்னர் வேறொரு பொருளுக்கு மாற்றுதல் விடையாகாது; வினாவிலிருந்து விலகுதலே ஆகும். பிற சமயத்து நூலை இவ்வளவைகொண்டு நோக்கும் நாம், நமக்கு உவந்த நூல்களின் பழமையைப் பேசும்போதும் இதே அளவைகோலைக் கையில் எடுக்கக் கடமைப்பட்டுள்ளோம். அவ்வாறு எடுக்கத் தயங்குவோமாயின், மேலே செய்தது திறனாய்வு ஆகாது. பிறர்குறை காணுதலாகவே முடியும்.